மேல் லயத்தில் மழை குறைவு

...குறஞ்சிருக்காம். எங்க மேல் லயத்துல, இந்த எஸ்டேட்டு லைன் வீடுகள்ல, மழ குறஞ்சுக்கிட்டே வருதாம் மேடம். இத எப்பிடிச் சொல்லிட்டுப் போனாரு தெரியுமா அந்த சர்வே சாரு? நீங்க நிக்கிற இதே வாசல்ல, குடையிலேர்ந்து தண்ணி சொட்டச் சொட்ட நின்னுக்கிட்டு. நான் சொன்னேன், சார், மொதல்ல காலத் தூக்குங்க, உங்க செருப்பு மெதந்து போகுதுன்னு. அவரு குனிஞ்சு பாக்கல. கையில இருந்த பேப்பரத்தான் பாத்தாரு. பேப்பர்ல தண்ணி இல்லியே.

உள்ள வாங்க. அந்த ஸ்டூல் வேண்டாம், அதுக்கு ஒரு காலு குட்ட. கட்டில்ல உக்காருங்க. பொன்முடி பாக்க வார கூட்டம் எல்லாம் நேரா மேல போயிரும், இங்க எறங்குறதுக்கு ஆளே கெடையாது. நீங்க ஒத்தையா பஸ்ஸ விட்டு எறங்கி, செல்போனப் பாத்துப் பாத்து நடந்து வந்தீங்க பாருங்க, அப்பவே எனக்கு மனசிலாச்சு, இது ஆபீஸ்லேர்ந்து வந்த ஆளுன்னு. போன பஸ்ஸு மேல போய்த் திரும்பி வார வரைக்கும் உங்களுக்கும் வேற போக்கிடம் இல்ல. எனக்கும் பேச வேற ஆள் இல்ல. எங்க வீட்டுக்காரரு இருக்காரு, இருந்து என்ன, அவருகிட்ட பேசுறதும் அந்தச் சொவத்துகிட்ட பேசுறதும் ஒண்ணுதான். சொவராவது மழ பெஞ்சா கொஞ்சம் அசையும்.

கட்டஞ்சாயா போடுதேன். பால் இல்ல. பேரு என்ன சொன்னீங்க... ஷில்பா. ஷில்பா மேடம். மேடம் வேண்டாமா? சரி, மோளேன்னு கூப்பிடுதேன். நான் முத்தாரம்மா. ஊரு? கரமனையா? அப்போ வீட்டுல தமிழ்தான? பின்ன என்னத்துக்கு நான் தமிழ்ல கேக்கேன், நீங்க மலையாளத்துல தலையாட்டுதீங்க?

வீட்டு விஷயமாத்தான வந்திருக்கீங்க? இல்லியா... மழக் கணக்கா? யூனிவர்சிட்டியா? இத்தன வருசமா எங்கெங்க மழ கூடிச்சு, எங்கெங்க குறஞ்சுதுன்னு பாக்கீங்களா. அதுக்கா படிப்பு இருக்கு. சாரமில்ல, போகட்டும். வீட்டு விஷயமும் அதுதான் மோளே. எங்க வீடு கையவிட்டுப் போனதே உங்க மழக் கணக்காலதான்.

இருங்க, மொதல்லேர்ந்து சொல்லுதேன். இந்த அடுப்பங்கர இருக்குல்ல, இதுக்குப் பின்னால மலை. மலைன்னா தூரத்துல பாக்கிற மலை இல்ல. சொவத்துக்கும் மலைக்கும் நடுவுல நான் ஒருச்சாஞ்சுதான் நடந்து போவணும். எங்க வீட்டுக்காரரு போனா வயித்த எக்கிக்கிட்டுப் போவணும். மழ வலுத்துச்சுன்னா அந்த மண்ணுக்குள்ளேர்ந்து ஊத்து கெளம்பும். எங்க? அடுப்புக்குக் கீழ. ஊருல எல்லாரும் கொழாய்க்கு அலையுதாவ, எனக்கு அடுப்பங்கரைக்குள்ளயே வந்து நிக்குது, யாருக்கு வாய்க்கும். போன வருசம் மேல தேயிலக்காட்டுல ஒரு வெடிப்பு கண்டுது. மொதல்ல கால் வெரலு நுழையிற மாதிரி. இப்ப கால் நுழையும். சூப்பர்வைசர் வந்து பாத்துட்டு, வெயில்ல வெடிச்சிருக்கும்னாரு. வெயிலு. இங்க. துணி காயாம வீட்டுக்குள்ள கொடி கட்டி, அதுக்குக் கீழ குனிஞ்சு குனிஞ்சு நடக்கோம், எங்களுக்கு வெயில்ல வெடிச்சிருக்காம்.

பக்கத்து வீட்டுல ஜெபமலர்னு ஒரு பிள்ள. அவ வீட்டுல பின்பக்கச் சொவரு உப்பி நிக்கு, நெறமாசக்காரி மாதிரி. இப்பவோ நாளைக்கோன்னு. அந்தச் சொவத்துக்கு இந்தாலதான் அவ தொட்டில் கட்டிருக்கா. வேற எடம் கெடையாது, ஒரே ரூமு. கைப்பிள்ள, இன்னும் தவழக்கூட ஆரம்பிக்கல. மழ பெலக்கிற ராத்திரி எல்லாம் அவ பிள்ளையத் தூக்கிக்கிட்டு இங்க வந்திருவா. நானும் பாய விரிச்சுப் போட்டிருவேன். ஆனா யோசிச்சுப் பாருங்க, எங்க வீட்டுச் சொவரு மட்டும் என்ன இரும்பா? ஒரே மலை, ஒரே மண்ணு. இவ அங்கேர்ந்து இங்க ஓடி வாரது ஒரு ஆறுதலுக்கு. வந்து ரெண்டு பேரும் ஒறங்காம சொவரப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்போம். பிள்ள மட்டும் நல்லா ஒறங்கும்.

இப்பிடி இருக்கும்போதுதான் கீழ பழைய ஃபேக்டரி கிட்ட சமதரையில வீடு கட்டுனாவ. நல்ல வீடு, குத்தம் சொல்ல மாட்டேன். ரெண்டு ரூமு, உள்ளயே கக்கூசு. மலை இடியுற அபாயம் உள்ள எடத்துல இருக்கிற ஆளுகளுக்கு மொத சலுகைன்னாவ. சரி, நம்ம லயத்துக்குத்தான்னு ஜெபமலரு பழைய சீலையில ஜன்னலுக்குத் திரையெல்லாம் தச்சு வச்சா. கடைசியில பாத்தா, கீழ் லயத்துக்காரங்களுக்கு. மோளே, கீழ் லயத்துக்குப் பின்னால மலையே கெடையாது. ரோடுதான் இருக்கு. இடிஞ்சு விழுந்தா பஸ்ஸுதான் விழணும்.

ஏன்னு கேட்டேன். நான் கேக்காம இருப்பேனா. அந்த சர்வே சாரு, கிருஷ்ணகுமார்னு பேரு, நல்ல மனுசன்தான், சத்தம் போடாமப் பேசுவாரு. அவரு சொல்லுதாரு, அம்மா, மண்ணப் பாத்தோம், சரிவப் பாத்தோம், எல்லாத்துக்கும் மேல மழையப் பாத்தோம். கீழ் லயத்துக்குப் பக்கத்துல அக்கரை எஸ்டேட்டுல ஒரு மழைமானி இருக்கு, அதுல வருசா வருசம் பெருமழ கூடிக்கிட்டே வருது. உங்க லயத்துக்குன்னு உங்க எஸ்டேட்டு மழைமானிக் கணக்கு இருக்கு, அதுல குறஞ்சிருக்கு. அதனால உங்களுக்கு அவசரம் இல்லன்னு. அக்கரைக்கும் இக்கரைக்கும் நடுவுல என்ன இருக்கு தெரியுமா? ஒரு ஓட. எங்க ஆடு தாண்டும். இந்த மேகம் மட்டும் ஓடக் கரையில வந்து நின்னு, யாரு எந்த எஸ்டேட்டுன்னு விசாரிச்சுட்டுப் பெய்யுது போல.

குடிங்க, ஆறிரும்.

டீவியிலயும் இதுதான். கேரளத்துல மழ நார்மல்ம்பான். நல்லா சிரிச்சுக்கிட்டே சொல்லுவா அந்தப் பொண்ணு. என்ன நார்மலு? முந்தியெல்லாம் ஜூன் மாசம் பள்ளிக்கூடம் தொறக்க அன்னைக்குன்னு ஒரு மழ பிடிக்கும். எடவப்பாதிம்பாவ. பிடிச்சா விடாது, ஆனா அடிக்கவும் அடிக்காது. தன்மையா நாளெல்லாம் பெஞ்சுக்கிட்டு இருக்கும். கொழுந்து பறிக்கப் போவோம், நனையுவோம், வருவோம், ஒண்ணும் ஆகாது. இப்ப ஜூனுல வெறுதே மூடம் போட்டுக்கிட்டு நிக்கும், பெய்யாது. இல்லேன்னா மே மாசமே வந்து பள்ளிக்கூடத்துக்கு முந்தி நிக்கும். பெறவு ஆகஸ்ட்டுல, பெறவு ஐப்பசி இடியோட, ஒரு மாசத்து மழ ஒரே ராத்திரியில. ஊத்தி முடிச்சிட்டு மறுநாள் வெயிலு. எல்லாத்தையும் கூட்டி வகுத்துச் சராசரி நார்மல்ம்பான். எங்க வீட்டுக்காரரும் அப்பிடித்தான். மாசத்துல ரெண்டு நாள் குடிச்சிட்டு வந்து லயத்தையே எழுப்பிருவாரு, மத்த நாளெல்லாம் வாயத் தொறக்க மாட்டாரு. சராசரி பாத்தா தங்கமான மனுசன். அந்த ரெண்டு நாளும் நான் சராசரியோடயா குடும்பம் நடத்துனேன்?

சிரிக்கீங்க. நீங்களும் ஒத்துக்கிடுதீங்க, அல்லே? பெருமழைதான் கூடுதுன்னு. எல்லா எடத்துலயும் அப்பிடித்தான் காட்டுதா? இந்தச் சுத்துவட்டாரத்துல எங்க எஸ்டேட்டு மட்டுந்தான் எறங்குதா? அதப் பாக்கத்தான் வந்தீங்களா?

அப்ப நீங்க சரியான வீட்டுக்குத்தான் வந்திருக்கீங்க. இந்த எஸ்டேட்டு மழக் கணக்கு யாரு எடுக்கான்னு நெனைக்கீங்க? நாந்தான். என்ன அப்பிடிப் பாக்கீங்க, ஃபைல்ல என் பேரு இல்லியா? சாம்பசிவன் சாரு பேருதான் இன்னும் இருக்கா? அது சரி. அவரு எஸ்டேட்டு ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தாரு. அவரு ரிட்டயராகி நெடுமங்காட்டுப் பக்கம் போனதுக்கப்புறம் இது எவன் தலையிலயும் ஏறல. மேனேஜர் பாத்தாரு, மழைமானி டப்பாவுக்குப் பக்கத்து வீடு முத்தாரம்மா வீடு, எட்டாங்கிளாஸ் வேற படிச்சிருக்கா, அவகிட்ட குடுன்னுட்டாரு. அன்னையிலேர்ந்து பத்து வருசத்துக்கு மேல ஆச்சு. காலையில எட்டரைக்குப் போவேன். பூட்டத் தொறப்பேன், பாட்டில வெளிய எடுப்பேன், அளவுக் கிளாஸ்ல ஊத்துவேன், கண்ணுக்கு நேரா பிடிச்சுப் பாப்பேன், ஆபீஸுக்குப் போன் பண்ணிச் சொல்லுவேன். காச்சல்ல கெடந்தப்பவும் போயிருக்கேன். மக அஜிதா கல்யாணம் அன்னைக்கு, மாப்பிள்ள வீட்டுக்காரங்க வண்டி வந்து நிக்குது, நான் பட்டுச்சீலையோட கிளாஸப் பிடிச்சுக்கிட்டு நிக்கேன். மாப்பிள்ளையோட அம்மா கேக்காவ, சம்பந்தி என்ன செய்யுதாவன்னு. மழ அளக்காவன்னு இவரு சொல்லியிருக்காரு. இவரு பேசுறதே அபூர்வம், பேசுனா இப்பிடி.

ஆனா எனக்கு மழை வாய்க்கல மோளே. அதத்தான் சொல்ல வந்தேன். சாம்பசிவன் சாரு காலத்துல பாட்டிலு ரொம்பி, அதுக்கு வெளிய இருக்கிற வாளியும் ரொம்பும்பாரு. என் கைக்கு வந்ததுலேர்ந்து அந்த மாதிரி நான் கண்டதே இல்ல. லயத்துல எல்லாரும் கேலி பண்ணுவாவ. முத்தாரம்மா கைராசி, மழையே பயந்துட்டுன்னு. நானும் சிரிச்சுக்கிடுவேன். எனக்கே சில நாள் வயித்தெரிச்சலா இருக்கும். ராத்திரி பூரா அடிச்சு ஊத்தும், முற்றம் ஆறா ஓடும், தகரத்துல விழுற சத்தத்துல பக்கத்துல படுத்திருக்கிற ஆளு இருமுறது கேக்காது. காலையில போயி கிளாஸ்ல ஊத்துனா, இவ்வளவுதானான்னு இருக்கும். கண்ணத் தொடச்சிட்டுத் திரும்பப் பாப்பேன். அவ்வளவுதான். என்ன செய்ய? கண்ணு என் கண்ணு, கிளாஸு சர்க்காரு கிளாஸு. கிளாஸ்ல உள்ளதத்தான் சொல்லணும். ஒரு நாள் கூட கூட்டிச் சொன்னதில்ல, குறச்சும் சொன்னதில்ல. கூட்டிச் சொல்லிருந்தா எங்களுக்கு வீடு கெடச்சிருக்கும், அது இப்பத்தான தெரியுது. ஜெபமலரே கேட்டா, ஏங்க்கா, ரெண்டு கோடு தள்ளிச் சொன்னா யாருக்குத் தெரியப்போகுதுன்னு. சொன்னேன், உன் பிள்ளைக்காகக்கூட நான் பொய்க்கணக்கு சொல்ல மாட்டேம்ட்டி, கேட்டியான்னு. ரெண்டு நாள் எங்கிட்ட பேசல அவ. பெறவு மழ வந்துது, பிள்ளையத் தூக்கிட்டு வந்துட்டா.

என்ன அது, செல்போன்ல? காட்டுங்க. இதான் எங்க மழையா? இது என்ன படி மாதிரி இருக்கு. இந்த எடம் வரைக்கும் ஒசரமாப் போயிக்கிட்டு இருக்கு, இங்க வந்து டக்குனு எறங்கிருச்சே. பெறவு மெல்ல மெல்லச் சரிவு. இந்தப் படி எந்த வருசம்? ... ஆமா, அந்த வருசந்தான். சாம்பசிவன் சாரு போன வருசம். பாத்தீங்களா, நான் சொன்னேன்ல. மத்தவங்களுக்கெல்லாம் ராசி ஜாதகத்துல இருக்கும், எனக்குப் படத்துலயே போட்டுருக்காவ.

இல்ல, டப்பாவ எடம் மாத்தல. நான் என்ன பைத்தியமா. அதே சிமெண்ட்டு மேடை, அதே வேலி. நெளியவும் இல்ல, ஓட்டையும் இல்ல. வருசா வருசம் நான் பெயிண்ட்டு அடிக்கேன். மாடியும் ஒண்ணும் கட்டல, இங்க எவன் மாடி கட்டப்போறான். மரமா? பக்கத்துல மரமே கெடையாது. ஒரு மரம் இருந்துச்சு, சில்வர் ஓக்கு, அதையும் காத்துல விழுந்திரும்னு வெட்டிட்டாவ. அப்பிடிப் பாத்தா மழ கூடத்தான செய்யணும்.

நீங்க காலையில சாப்பிட்டதுதான? மொகத்தப் பாத்தாலே தெரியுது. சோறு இருக்கு, சௌசௌ கூட்டு வச்சிருக்கேன். வேண்டாம்னு சொல்லாதீங்க, வேண்டாம்னு சொன்ன அந்த சர்வே சாரே ரெண்டு தடவ வாங்கிச் சாப்பிட்டாரு. இந்தாங்க. கடையில வாங்குனது இல்ல, நம்ம கொடியில காச்சது. உங்க ஊரு சாலைச் சந்தைக்கு வார காயி எல்லாம் வாடி வதங்கி வரும், இது பாருங்க, கத்தி வச்சா தண்ணி தெறிக்கும்.

இந்த மலையில ஒரு காய் காய்க்க வைக்கிறதுக்குள்ள உசிரு போயிரும் மோளே. பீன்சு போட்டேன், மிளா வந்து ஒரே ராத்திரியில மொட்டையாக்கிட்டு. மிளான்னா மான் மாதிரி, ஆனா மாடு அளவுக்கு இருக்கும். கெழங்கு போட்டேன், பன்னி கெளறிட்டு. முள்ளம்பன்னி வேற, அதுக்கு மொளகாத் தோட்டம்கூட விலக்கு இல்ல. மனுசன் தின்ன ஒண்ணு மிஞ்சாது. அப்பத்தான் எனக்கு ஒரு யோசன வந்துது. ஊருல எல்லாம் வேலி இல்லாம அவதிப்படுதோம், சர்க்காரு ஒரு எடத்துக்கு இரும்பு வேலி போட்டு, பூட்டுப் போட்டு, சாவியையும் என் கையிலயே தந்திருக்கு. உள்ள என்ன இருக்கு? தங்கமா? ஒரு டப்பா. நடுவுல அது மட்டும் ஒத்தையா நிக்கு, சுத்தி அவ்வளவு எடமும் சும்மா கெடக்கு. சாம்பசிவன் சாரு அங்க ஒரு புல்லு மொளைக்க விடமாட்டாரு. காக்கா வந்து உக்காந்தாக்கூட ஆபீஸ விட்டு எறங்கி வந்து வெரட்டுவாரு. அவருக்கு மாசச் சம்பளம், நெடுமங்காட்டுச் சந்தையில காய் வாங்கிக்கிடுவாரு. நான் எங்க போவேன்? சாவி கைக்கு வந்த மொத வாரமே வேலி ஓரமா ஒரு சௌசௌ ஊணுனேன்.

என்ன, நிறுத்திட்டீங்க? உப்பு கூடிட்டா?

சாப்பிடுங்க. ஊணுனேன், அது பாட்டுக்கு வேலியில ஏறிட்டு. கொரங்குதான் தொல்ல. வேலி அதுக்கு எம்மாத்திரம். கீழேர்ந்து மீன் கொண்டு வருவாரு ஜெபசிங்கு அண்ணன், அவருகிட்ட சொல்லி ஒரு பழைய மீன்வல வாங்குனேன். வேலிக் கம்பி நாலு மூலையிலயும் இழுத்துக் கட்டி மேல விரிச்சுட்டேன். கொரங்கு வந்து கால வச்சுது, விரலு மாட்டிக்கிட்டு, போட்டுது பாருங்க ஒரு சத்தம். அதுலேர்ந்து கிட்ட வரல. கொடிக்கும் வசதியாப் போச்சு, வல மேல ஏறிப் பந்தலாப் பிடிச்சுக்கிட்டு. சௌசௌவுக்கு ஒரு வழி காட்டுனா போதும், அப்புறம் நாம அதத் தேட வேண்டாம், அதுதான் நம்மளத் தேடி வரும். வருசத்துக்கு வருசம் கெனம் கூடுது. லயத்துல எல்லா வீட்டுக்கும் இதுலேர்ந்துதான் காயி போகுது. ஜெபமலரு பிள்ளைக்கு இதத்தான் அவிச்சு மசிச்சுக் குடுக்கா.

எந்திரிச்சுட்டீங்களே. கை கழுவவா? அங்க தண்ணி இருக்கு... டப்பாவப் பாக்கணுமா? இப்பவா? மழ பிடிச்சிருச்சே, சத்தம் கேக்கலியா. கொஞ்சம் விடட்டும். சாப்பாட்டப் பாதியில வச்சிட்டு... மோளே, நில்லுங்க, சாவி வேண்டாமா?

பாத்து வாங்க, பாசி வழுக்கும். இந்தா வந்துட்டு, அந்தப் பச்சையாத் தெரியுதுல்ல, அதுதான். தள்ளுங்க, பூட்டு கொஞ்சம் மொரண்டு பிடிக்கும். ம். குனிஞ்சு உள்ள போங்க, தலையில காய் இடிக்கும். என்ன மழ பாருங்க, மூஞ்சியில ஊசி மாதிரி குத்துது. இதத்தான் குறஞ்சிருக்குங்காவ. நடுவுக்கு வாங்க, டப்பா கிட்ட வாங்க, இங்க எல சாரம் கட்டுன மாதிரி அடுக்கடுக்கா இருக்கும். குடைய மடக்கிட்டீங்களா, மடக்கலாம், மடக்கலாம். வெளிய அந்தப் பேய் மழ பெய்யுது, இங்க பாருங்க, ஒரு சொட்டு விழாது. அங்கங்க ஓரத்துல ஒழுகும், அவ்வளவுதான். கொழுந்து பறிக்கிற பிள்ளைங்க மழ வந்தா இங்கதான் ஓடி வந்து ஒதுங்கும். நானே எத்தன தடவ இதுக்குள்ள நின்னு...

...

என்ன மோளே, டப்பாவையும் என்னையும் மாறி மாறிப் பாக்கீங்க.

இருங்க. ஒண்ணும் சொல்லாண்டாம். கொஞ்சம் இருங்க.

இல்ல... கிளாஸ்ல இருந்ததத்தான் நான் சொன்னேன். ஜெபமலரு போற மாதா கோயில்ல வேணா சத்தியம் பண்ணுதேன், எங்க முத்தாரம்மன் கோயில்ல வேணா பண்ணுதேன். ஒரு கோடு மாத்திச் சொன்னதில்ல. அதுக்குள்ள வந்து விழுந்தது அவ்வளவுதான், நான் என்ன...

வேலி போட்டவங்க ஒரு போர்டு வச்சிருக்கலாம்ல? இங்க கொடி ஏத்தக் கூடாதுன்னு ஒரு வார்த்த. 'அத்துமீறி நுழையாதே'ன்னு மட்டும் மூணு மொழியில எழுதி வச்சிருக்கான். கொடி என்ன அத்துமீறியா நுழஞ்சுது, நான் சாவி போட்டுத் தொறந்துதான விட்டேன். சரி, என்னச் சொல்லுங்க, நான் எட்டாங்கிளாஸு. வருசத்துக்கு ஒருக்க ஒரு இன்ஸ்பெக்சன் சாரு வருவாரே, டை கட்டிக்கிட்டு? டப்பாவத் தட்டிப் பாப்பாரு, கிளாஸத் தொடச்சுப் பாப்பாரு, மேடையில மட்டம் வச்சுப் பாப்பாரு. எல்லாம் ஓகேம்பாரு. ஒரு பை நெறையக் காயும் பறிச்சுக்கிடுவாரு, அவரு சம்சாரத்துக்கு இந்தக் காய்னா உசிராம். போன தடவ வந்தப்ப மழ பிடிச்சுக்கிட்டு. நீங்க இப்ப நிக்கீங்களே, இதே எடத்துலதான் நனையாம நின்னாரு. நின்னுக்கிட்டே எழுதுனாரு. படிச்ச மனுசன், மேல பாக்கல. நானும் பாக்கல.

அந்தப் படி... சாம்பசிவன் சாரு போன வருசம். பெறவு மெல்ல மெல்லச் சரிவு. கொடி எப்பிடி எப்பிடி வளந்துதோ அப்பிடி.

மேகம் எஸ்டேட்டு விசாரிச்சுட்டுப் பெய்யுதுன்னேன். இவ்வளவு நேரமும் உக்காந்து பேசுனேன் பாருங்க.

சொவரு உப்புனது எங்க லயம். காய் தின்னது எங்க வாயி.

சரி. பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கா? இது தப்புன்னு ஆனா, இந்தப் பத்து வருசக் கணக்க என்ன செய்வீங்க? தள்ளிருவீங்களா. பந்தலுக்கு அடியில எடுத்த கணக்கு, இது செல்லாதுன்னு எழுதலாமா. அப்போ சர்வே சாரு திரும்ப வருவாரா? அக்கரை டப்பாக் கணக்க வச்சு எங்களையும் பாப்பாவளா? ... உறுதி சொல்ல முடியாதா. எழுதிக் குடுப்பீங்க, அவ்வளவுதான். சரி, நீங்களாவது பொய் சொல்லாம இருக்கீங்க. எழுதுங்க. படம் எடுத்துக்கிடுங்க, பந்தலு நல்லாத் தெரியணும். பக்கத்துல இருந்து எடுங்க, தூரத்துலேர்ந்து எடுத்தா தோட்டம் மாதிரி அழகா இருக்கும், நம்ப மாட்டாவ. நான் தள்ளி நிக்கணுமா? வேண்டாம், நானும் நிக்கேன். யாரு வச்சதுன்னு கேட்டா காட்டணும்ல.

ஏ ஜெபமலரு! அந்த வெட்டரிவாள எடுத்துட்டு வாட்டி. கதவுக்குப் பின்னால இருக்கு... எதுக்கா? சௌசௌவ வெட்டணும். பைத்தியம் இல்லட்டி, நல்லாத்தான் இருக்கேன். பிள்ளைய எங்க போட்டிருக்க? தொட்டில்லயா? தூக்கிட்டு வா. எங்க வீட்டுக் கட்டில்ல போட்டுட்டு வா. பெறவு சொல்லுதேன். எல்லாம் பெறவு சொல்லுதேன், நீ மொதல்ல கொண்டா.

அவகிட்ட நான்தான் சொல்லணும் மோளே. நீங்க சொல்லிராதீங்க. பந்தல் எறங்கட்டும், சொல்லிருதேன். அன்னைக்கு ரெண்டு கோடு தள்ளிச் சொல்லுக்கான்னு கேட்டா. பெரிய அரிச்சந்திரி மாதிரிப் பேசுனேன் அவகிட்ட.

அந்த மூலக் கயித்த நீங்க பிடிங்க, நான் இந்தப் பக்கம் அறுக்கேன். நனையுவீங்க. சாரமில்ல, இன்னைக்கு எல்லாரும் நனைவோம். பிடிச்சீங்களா? விடாதீங்க, கெனம் இருக்கும். பூவும் பிஞ்சுமா கெடக்கு, ச்சை... கெடக்கட்டும். வெலகுங்க, டப்பா மேல விழுந்திரக் கூடாது. இழுங்க. இன்னும். ஜெபமலரு, பாத்துக்கிட்டே நிக்காத, அந்த வல நுனிய இழு.

ம். எறங்கிட்டு.

ஹாரன் கேக்கு பாருங்க, பஸ்ஸு மேல் வளைவுல வந்துட்டு. ஓடுங்க, அவன் நிறுத்த மாட்டான். குடைய எடுத்துக்கிடுங்க. இனி விரிச்சு என்ன, பரவால்ல, பிடிச்சுக்கிட்டுப் போங்க. மோளே, ஒரு நிமிசம். நாளைக்குக் காலையில எட்டரைக்கு நான் போன் பண்ணும்போது அங்க யாரு எடுப்பாவ? அவங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லி வச்சிருங்க. நான் சொல்லுத கணக்கு கொஞ்சம் பெருசா இருக்கும். கெழவிக்குக் கண்ணு தெரியலன்னு நெனச்சு, குறச்சு எழுதிரப் போறாவ.